கேடட்டைச் சேர்க்கும் முன் மாஸ்டரைத் தயார் செய்யுங்கள்: என்.சி.சி. பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

2024 ஜூனில் தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) நாடு முழுவதும் கூடுதலாக 3 லட்சம் கேடட் (படையில் சேரும் மாணவர்) இடங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் அளித்தார். 17 லட்சமாக இருந்த எண்ணிக்கை 20 லட்சம் ஆகும் என்றார்கள். முன்னாள் படைவீரர்களைப் பயிற்றுநர்களாக அமர்த்துவதும் அதே அறிவிப்பில் இருந்தது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடந்ததும், அதில் தங்கவைக்கப்பட்ட சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக வழக்கானதும் வெளியே வந்தன. அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. யூனிட்டே கிடையாது, முகாம் நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்று விளக்கம் கொடுக்கப்பட்டது. விளக்கம் சரிதான். ஆனால் காக்கி உடுப்பும் கணீர்க் குரலும் இருந்தால் போதும், 'இவர் என்.சி.சி. மாஸ்டர்' என்று நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? உண்மையான யூனிட் உள்ள பள்ளிகளிலேயே முறையான பயிற்சி முடிக்காதவர்கள் ஆண்டுக்கணக்கில் பரேடு எடுப்பதைப் பார்த்து எல்லோருக்கும் பழகிவிட்டது.

இடங்கள் கூடுவதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. யூனிட் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் அரசுப் பள்ளிகள் ஏராளம். ஆனால் ஒரு ட்ரூப்புக்கு (பள்ளியின் கேடட் அணி) 100 கேடட் என்று ஒதுக்கும்போது, அந்த நூறு பிள்ளைகளையும் எடுக்கப்போகும் ஆசிரியருக்கு எப்போது, எங்கே, என்ன பயிற்சி என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அது எழுதப்படுவதில்லை. இந்த மடலை எழுதும் நாங்கள் பள்ளிகளில் ஜூனியர் பிரிவை எடுக்கும் ஆசிரியர்கள்.

முதலில் கேர்டேக்கர் (தற்காலிகப் பொறுப்பாளர்) ஏற்பாடு. பழைய ஏ.என்.ஓ. (பள்ளியில் என்.சி.சி.யை நடத்தும், பயிற்சி பெற்ற ஆசிரியர்) ஓய்வு பெறுகிறார், அல்லது மாறுதலில் போகிறார். தலைமையாசிரியர் சுற்றிப் பார்க்கிறார். உடற்கல்வி ஆசிரியர் ஏற்கெனவே குறுவட்டப் போட்டி, விளையாட்டு விழா என்று ஓடிக்கொண்டிருப்பார். ஆகவே வயதில் இளையவராக, மறுத்துப் பேசாதவராக ஒருவர் பெயர் பட்டாலியனுக்கு (அப்பகுதிப் பள்ளிகளின் யூனிட்களை மேற்பார்க்கும் என்.சி.சி. அலுவலகம்) போகிறது. நேர்காணல், மருத்துவச் சான்று, காவல்துறை சரிபார்ப்பு எல்லாம் முடிந்து காம்ப்டியிலோ குவாலியரிலோ உள்ள பயிற்சி மையத்தில் பி.ஆர்.சி.என். (அலுவலர் பட்டத்துக்கு முந்தைய) பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை அவர்தான் கேர்டேக்கர். அலுவலர் பட்டம் கிடையாது, பயிற்சி கிடையாது, பொறுப்பு மட்டும் முழுதாக உண்டு. இடம் வந்தாலும் மாதக்கணக்கில் நீளும் பயிற்சிக்குக் கைக்குழந்தை உள்ள ஆசிரியை எப்படிக் கிளம்புவார்? பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவரை விடுவிக்கத் தலைமையாசிரியர் தயங்குவார். அந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு. இப்படியே மாணவிகள் ட்ரூப் பல பள்ளிகளில் நிரந்தரக் கேர்டேக்கர் கையில் நிற்கிறது. பெண் கேடட்கள் கூடிக்கொண்டே போகும் காலத்தில் இது சின்னக் குறை ஆகாது.

அடுத்தது பள்ளிக் கல்வித் துறை கவனிக்க வேண்டியது. பயிற்சி முடித்து, தர்ட் ஆஃபீசர் என்ற அலுவலர் பட்டமும் வாங்கி வந்த ஆசிரியர் பணி மாறுதல் கலந்தாய்வில் உட்காருகிறார். திரையில் காலிப்பணியிடம் தெரியும், எந்தப் பள்ளியில் என்.சி.சி. உண்டு என்பது தெரியாது. அவர் தன் ஊருக்கு அருகில் உள்ள பள்ளியைத் தேர்வு செய்கிறார், அங்கே யூனிட் இல்லை. விட்டுவந்த பள்ளியில் மறுபடி ஒரு கேர்டேக்கர். மத்திய அரசு செலவழித்துத் தந்த பயிற்சி அன்றோடு பெட்டிக்குள் போய்விடுகிறது. யாரையும் குறை சொல்ல முடியாத தவறு இது. ஆனால் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல்) தளத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.ஆர்.சி.என். பயிற்சி ஆசிரியரை நல்ல கேடட் ஆக்கி அனுப்புகிறது. அவர் மடிப்புக் கலையாமல் உடுத்துவார், சல்யூட் வைப்பார், பரேடில் அணியோடு பிசகாமல் நடப்பார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதே ட்ரில்லை எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டால் தடுமாறுவார்.

'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) என்ற கட்டளை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். முதலில் முழு நமூனா (செய்து காட்டுவது), பிறகு எண்ணிக்கையில் பிரித்துக் காட்டுவது, பிறகு பயிற்சி என்ற வரிசை கையேட்டில் இருக்கிறது. 'ஏக்' (ஒன்று) சொன்னதும் வலது குதிகாலிலும் இடது பெருவிரல் பக்கத்திலும் ஊன்றி வலப்புறமாக முழுதும் திரும்பி நிற்க வேண்டும். 'தோ' (இரண்டு) சொன்னதும் இடது காலைத் தூக்கி வலது காலோடு சேர்க்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் 'ஏக்'கிலேயே தள்ளாடுவார்கள், கை விரிந்துவிடும். பயிற்சி இல்லாதவர் 'கையை ஒட்டு, கையை ஒட்டு' என்று கத்திக்கொண்டே இருப்பார். கோளாறு கையில் இல்லை. உடல் எடை இடது காலிலேயே தங்கிவிட்டது, விழாமல் இருக்கத்தான் கை விரிகிறது. ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, வலது குதிகாலைக் கோட்டில் வைத்து, எடையை அந்தக் காலுக்கு மாற்றி நிற்க மட்டும் பழக்கினால் ஒரு பாடவேளையில் சரியாகிவிடும். குதிகாலில் எடை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தருவதுதான் பயிற்றுநர் பயிற்சி.

'தேஸ் சல்' (விரைநடை) நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடிக்கு 30 அங்குலம் என்பது வளர்ந்த ஜவானின் கால் அளவு. நாலே முக்கால் அடி உயரமுள்ள பிள்ளை அதை எட்டிப் பிடிக்க இடுப்பை முன்னே தள்ளும், அல்லது பாதி ஓடும். உயரவாரியாக அணி வகுத்த பிறகும், குட்டையானவர்களின் அடியைப் பார்த்து வேகத்தை வைக்க வேண்டும். நெட்டையானவர் அடியைக் குறைக்கலாம், குட்டையானவர் காலை நீட்ட முடியாது. 'சாவ்தான்' (விறைப்பாக நில்) சொல்லிக் காலை ஓங்கி அடிக்க வைப்பது இன்னொன்று. நம் பள்ளிகளில் பாதி இடத்தில் பரேடு நடப்பது சிமெண்ட் தளத்தில்தான். வளரும் எலும்பு, தேய்ந்த கேன்வாஸ் ஷூ, சிமெண்ட் தரை, ஒரு மணி நேரம் ஓங்கி ஓங்கி அடி. குதிகால் வலி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று பிள்ளை சொன்னால் 'ட்ரில்லுக்குப் பயந்து சாக்கு சொல்றான்' என்று முடித்துவிடுகிறார்கள். எலும்பில் ஒரே புள்ளியை அழுத்தும்போது வலி கூடினால் அது நுண்ணிய முறிவாக இருக்கலாம், பரேடை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதைப் பயிற்சியில் ஒருமுறை சொன்னாலே போதும்.

மயக்கம் போடுவதும் அப்படித்தான். சுதந்திர தின ஒத்திகையில் வரிசையாக விழும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முழங்காலை விறைத்து அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கும், மூளைக்குப் போவது குறையும். ஷூவுக்குள் கால்விரலை அசைக்கவும், கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்தவும் சொல்லிக்கொடுத்தால் வெளியே தெரியாமலே தப்பிக்கலாம். வெறும் வயிறு இன்னொரு காரணம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, கேடட் வயதுப் பிள்ளைக்கு அது கிடையாது. நம் சிற்றுண்டியோ பரேடு முடிந்த பிறகு வருகிறது. காலைப் பரேடு என்றால் அதில் பாதியை முன்னாலேயே கொடுங்கள். இதற்குக் கூடுதல் பணம் ஒரு பைசா தேவையில்லை.

வெயில் தாக்கு வேறு வகை. விழுந்த பிள்ளை உடனே தெளிந்து பேசினால் நிழல், தண்ணீர், காலை உயர்த்திப் படுக்கவைத்தல் போதும். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உடல் கொதித்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை உடுப்பைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். இந்த வேறுபாட்டைக் கேர்டேக்கருக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

'ரகடா' (தண்டனையாகக் கொடுக்கும் கடும் உடற்பயிற்சி) பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். உருண்டுபோவது, தவளைப் பாய்ச்சல், முட்டியும் முழங்கையும் தேயத் தவழ்வது, முர்கா (குனிந்து, கால்களுக்கு இடையே கைவிட்டுக் காதைப் பிடித்து நிற்பது). எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இவை பல முகாம்களில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிர மாநிலம் தாணேயில், மழைச்சேற்றில் தலை ஊன்றிக் கிடந்த கேடட்களை மூத்த மாணவர் ஒருவர் தடியால் அடிக்கும் காணொளியை நாடே பார்த்தது. அங்கே அலுவலர் எவரும் நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. நூறு பேருக்கு ஒரே ஆசிரியர் என்றால், பாதி நேரம் பிள்ளைகளை நடத்துவது சார்ஜென்ட் பட்டை தைத்த பதினான்கு வயதுப் பையன்தான். அவனுக்கு அதிகாரத்தின் எல்லை தெரியாது, முந்தைய ஆண்டு தனக்குக் கிடைத்ததைத்தான் திருப்பிக் கொடுப்பான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பரேடு மைதானத்துக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. உடம்புக்கும் ஆபத்து உண்டு. பழக்கமில்லாத பிள்ளையை வெயிலில் நூறு, நூற்றைம்பது தவளைப் பாய்ச்சல் போடவைத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் கெடலாம். மறுநாள் சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் அதுதான் அறிகுறி. வெட்கப்பட்டுப் பிள்ளை சொல்லாது, நாம்தான் கேட்க வேண்டும்.

துப்பாக்கிச் சுடுதலை பட்டாலியனின் பி.ஐ. ஸ்டாஃப் (படையிலிருந்து வரும் பயிற்றுநர்கள்) நடத்துவதால் ஆசிரியருக்கு வேலை இல்லை என்று ஓர் எண்ணம். ரேஞ்சுக்குப் போகும் முன்பே பள்ளியில் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. எந்தக் கண் முதன்மைக் கண் என்று பார்ப்பது முதல் வேலை. இரு கைகளையும் நீட்டி, நடுவில் சிறு இடைவெளி விட்டு, தூரத்துக் கம்பம் ஒன்றை அதற்குள் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால், எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் நகராமல் நிற்கிறதோ அதுதான் முதன்மைக் கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் முதன்மையும் உள்ள பிள்ளைக்கு இது தெரியாவிட்டால் ஐந்து ரவுண்டும் இலக்கைத் தொடாது, 'உனக்கு வராது' என்று அனுப்பிவிடுவார்கள். ரவுண்டு வெடிக்காவிட்டால் போல்ட்டைத் திறக்காமல், குழல் இலக்கை நோக்கியபடியே குறைந்தது 30 விநாடி காத்திருந்து, கையை உயர்த்த வேண்டும். கட்டளைகள் இந்தியில் இருக்கட்டும். ஆனால் இந்த ஒரு விதியைத் தாய்மொழியில் திருப்பிச் சொல்லத் தெரியாத பிள்ளையை ஃபயரிங் பாயிண்டில் படுக்கவைக்கக் கூடாது. .22 தோட்டா சிறியதுதான், ஆனாலும் காது பாதுகாப்பு வேண்டும். சுட்ட பிறகு கோக்காக்களை (வெற்றுத் தோட்டா உறைகள்) பொறுக்கி எண்ணிக் கொடுக்கும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டைத் தொட வேண்டும். காரணம், ஈயத் துகள்.

தலைமைப்பண்பு வளர்ப்பதுதான் இந்தத் திட்டத்தின் பெருமை என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கேடட், 40 நிமிடப் பாடவேளை இரண்டு. ஆளுக்கு 2 நிமிடம் அணியை நடத்தும் வாய்ப்பு கொடுத்தால்கூட 200 நிமிடம் வேண்டும், இருப்பது 80. அதனால் குரல் உரத்த நாலு பேர் ஆண்டு முழுக்கக் கட்டளை கொடுக்கிறார்கள், மற்றவர்கள் என்.சி.சி.யின் ஏ சான்றிதழுக்குத் தேவையான 75 சதவீத வருகைக்காக நிற்கிறார்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு பரேடிலும் பிரிவுக்கு இருவர் மாறி மாறி நடத்தி, முடிந்ததும் 'எது சரியாக வந்தது, எங்கே குழம்பியது, அடுத்த முறை என்ன மாற்றுவாய்' என்று இரண்டு நிமிடம் பேசவைத்தால் ஐந்து பரேடில் நூறு பேருக்கும் முறை வந்துவிடும். பத்துப் பிரிவு ஒரே நேரத்தில் இயங்கும்போது மேற்பார்க்கக் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும்.

அந்த இரண்டாவது ஆளாக முன்னாள் படைவீரர் வருவதை மனதார வரவேற்கிறோம். ட்ரில்லிலும் ஆயுதப் பயிற்சியிலும் அவர்களுக்கு நாங்கள் ஈடாக மாட்டோம். ஆனால் பதினெட்டு வயது ரெக்ரூட்டைப் பழக்கிய கைக்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பழக்கத் தனிப்பயிற்சி வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இதே போன்ற ஜே.ஆர்.ஓ.டி.சி. திட்டத்தை 1916 முதல் நடத்துகிறார்கள், அதன் பயிற்றுநர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற படைவீரர்கள். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 33 பயிற்றுநர்கள் மாணவர்களிடம் பாலியல் அத்துமீறல் தொடர்பான குற்றச்சாட்டுக்கு ஆளானதை 2022-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பிறகுதான் அங்கே நாடாளுமன்றம்வரை கேள்வி எழுந்தது. பயிற்றுநரைக் கண்காணிப்பது படையா, பள்ளியா என்ற குழப்பமும் அங்கே இருந்தது. அதே குழப்பத்துக்கு நாமும் இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டாலியனைக் கேட்டால் 'பள்ளி பார்த்துக்கொள்ளும்', பள்ளியைக் கேட்டால் 'அது மிலிட்டரிக்காரர் சமாச்சாரம்'.

எனவே கேட்கிறோம்.

கேர்டேக்கர் ஏற்பாட்டுக்கு ஒரு கல்வியாண்டு என்று வரம்பு வையுங்கள். பொறுப்பேற்கும் முன் கோவை, மதுரை, திருச்சி போன்ற குரூப் தலைமையக ஊர்களில் பத்து நாள் அடிப்படைப் பயிற்சி கட்டாயம் என்று ஆக்குங்கள். அது முடியாமல் துப்பாக்கிச் சுடுதலுக்கும் இரவு தங்கும் முகாமுக்கும் கேர்டேக்கரைத் தனியாகப் பிள்ளைகளோடு அனுப்ப வேண்டாம். ஆசிரியைகள் பி.ஆர்.சி.என். பயிற்சியை இரண்டு கோடை விடுமுறைகளில் பிரித்து முடிக்க வழி செய்யுங்கள்.

பள்ளிக் கல்வித் துறை, பயிற்சி பெற்ற ஏ.என்.ஓ.க்களையும் யூனிட் உள்ள பள்ளிகளையும் எமிஸில் குறித்து, கலந்தாய்வில் இவர்களுக்கு அந்தப் பள்ளிகளில் முன்னுரிமை தரட்டும். பரேடு நாட்களுக்கு ஈடாகப் பாடவேளையைக் குறைக்க ஆணையிடட்டும்.

அலுவலர் பயிற்சியிலும் புத்தாக்கப் பயிற்சியிலும் உண்மையான எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக் கற்பித்துக் காட்டும் தேர்வைச் சேருங்கள். வெயில், மயக்கம், எலும்பு வலி, முதலுதவி ஆகியவற்றுக்கு முழுநாள் ஒதுக்குங்கள். போக்ஸோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு என்பதை ஒவ்வொரு பயிற்றுநரிடமும் கையெழுத்து வாங்கிச் சொல்லுங்கள். ரகடா தடை என்று பெயர் சொல்லியே சுற்றறிக்கை விடுங்கள், 'தகாத தண்டனை' என்று பொதுவாக எழுதினால் யாரும் அதை ரகடா என்று எடுத்துக்கொள்வதில்லை. முகாமின் ஒவ்வொரு தங்குமிடத்திலும் 1098 (குழந்தைகள் உதவி), 14417 (பள்ளிக் கல்வி உதவி) எண்களைக் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

முன்னாள் படைவீரருக்குக் காவல்துறை சரிபார்ப்பும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிந்த பின்பே நியமனம் வழங்குங்கள். முதல் பருவம் முழுக்க ஏ.என்.ஓ. உடன் நின்றுதான் அவர் பரேடு எடுக்க வேண்டும். அவர் மேல் புகார் வந்தால் யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் என்பது நியமன ஆணையிலேயே இருக்கட்டும்.

யூனிட் உள்ள எல்லாப் பள்ளிகளின் பெயரையும், அந்தந்தப் பட்டாலியனின் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் மாவட்ட வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். பட்டாலியனின் எழுத்துமூல ஆணை இல்லாத எந்த முகாமும் என்.சி.சி. முகாம் அல்ல என்று தனியார் பள்ளிகள் உட்பட எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்கும் தெரிவியுங்கள். மாணவிகள் தங்கும் முகாமில் பெண் அலுவலர் இரவிலும் உடன் தங்குகிறாரா என்று கேட்டு, அவர் பெயரை வாங்கிக்கொண்ட பிறகே பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடலாம் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிடுங்கள்.

இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்க இயலாது, ஏன் என்பதை அடுத்த கல்வியாண்டின் கேடட் சேர்க்கை தொடங்கும் முன் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத பள்ளிக்குப் புதிய ட்ரூப் ஒதுக்குவதை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுப் பள்ளிகளில் என்.சி.சி. பொறுப்பில் உள்ள ஆசிரியர்கள் சிலர்